லீவு வேலைக்கு வந்தவள்

எங்கள் வீட்டுக் கேட் பழைய இரும்பு. அதன் கொண்டியை யார் தூக்குகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பால்காரர் தூக்கினால் ஒரே அடி. தபால்காரர் தூக்கவே மாட்டார், மேலே கையை நீட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவள் தூக்கினால் இரண்டு சத்தம் வரும். முதலில் மெதுவாக ஒன்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் உரக்க ஒன்று, வந்துவிட்டேன் என்கிற மாதிரி. அதைக் கேட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் இட்லிப் பானையை இறக்கி வைக்கும் நேரத்தில் என் காது தானாக வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறது.

உட்காருங்கள். பையை இந்தப் பக்கம் வையுங்கள், அங்கே யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள். கோவில்பட்டி வண்டிதானே? அது இப்போதைக்கு வராது. நான் எந்த வண்டிக்கும் காத்திருக்கவில்லை. வெள்ளரிக்காய் வாங்க வந்தேன். எங்கள் தெருவிலும் விற்கிறார்கள், ஆனால் பஸ் ஸ்டாண்டில் கிடைப்பது பிஞ்சு. தினமும் வருகிறேன். நடந்தால் காலுக்கும் நல்லது என்கிறார் டாக்டர்.

கொஞ்சம் இருங்கள்.

ஒன்றுமில்லை. மேலே ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். உங்கள் வண்டி இல்லை. எதில் விட்டேன்? கேட்டில் இரண்டு சத்தம் போடுகிற அந்தப் பெண், முனீஸ்வரி. அவள் ஏன் வருவதை நிறுத்தினாள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீங்கள் வெளியூர், யார் பக்கமும் பேச மாட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் ஆபீஸுக்குப் போய்விடும். ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். காலையில் வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அம்மாவோடு பிள்ளையும் ஏறிக்கொள்ளும். வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றிவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது பெஞ்சில் இடைவெளி விழுந்திருக்கும். சில பிள்ளைகள் கையில் தழும்போடு வரும். சில பிள்ளைகள் வராது.

எங்கள் வீட்டுக்காரர் விவசாய ஆபீசராக இருந்தவர். அவர் போனபிறகு அரசாங்கத்திலிருந்து பணம் வந்தது. மகள் புனேயில் இருக்கிறாள். "அம்மா, பேசாம பேங்க்ல போட்டு வை" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் கூப்பிடுவாள். போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் பேசுவாள். எனக்கு அவளைவிடக் குக்கர் சத்தம்தான் அதிகம் கேட்கும். நான் பேங்கில் போடவில்லை. டாக்டர் மனோரஞ்சிதம், எண்ணெய் மில் தனுஷ்கோடி, நான், மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஊருக்குள் ஒரு நல்ல கடையோ, ரத்தப் பரிசோதனை செய்கிற லேபோ லீவுக்கு ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்ளும். சம்பளம் நாங்கள் கொடுப்போம். ஆபீஸில் கிடைப்பதைவிடக் குறையாது. பிள்ளை வண்டியில் ஏறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விதி இருந்தது. அது நான் போட்டது. வேலைக்குப் போகிற இடத்தில் பிள்ளை உட்கார நாற்காலியும் தலைக்கு மேல் மின்விசிறியும் இருக்க வேண்டும். டாக்டரம்மா சிரிப்பார். "ஏன் வேணி, நாம பிள்ளைங்கள வேலைக்கு அனுப்புறோமா, பொண்ணு பாக்க அனுப்புறோமா?"

சிரிக்கட்டும். விதி இல்லாமல் தர்மம் செய்தால் அது வீணாகத்தான் போகும். மைக் செட் கடை பால்ச்சாமி வந்து கேட்டார். திருவிழா சீசன், ஆள் பற்றவில்லை, பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி விளம்பரமும் அவர்தான் எடுத்திருக்கிறார். "குரல் நல்லா இருக்கற புள்ளையா ஒண்ணு எனக்கும் குடுங்க டீச்சர்" என்றார். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள். இந்த ஊரில் எல்லோருக்கும் டீச்சர்தான். சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். அவர் கடையை எட்டிப் பார்த்தேன். ஒயர் சுருளுக்கு நடுவே நிற்கவே இடமில்லை. நாற்காலி இல்லை, மின்விசிறி இல்லை. மாட்டேன் என்றேன்.

மூன்றாவது வருஷம், பிள்ளைகளையெல்லாம் பிரித்து அனுப்பியபிறகு ஜெராக்ஸ் கடைக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அங்கே போக வேண்டிய பெண் முனீஸ்வரி. பிளஸ் ஒன் முடித்தவள். அவளுடைய அம்மா சண்முகத்தாய் பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறவள். இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"இடமில்லன்னா சொல்லிருங்க டீச்சர். ஆபீஸ் கணக்குப்பிள்ளைட்ட கேட்டு வச்சிருக்கேன். நாளைக்கே வண்டில ஏத்தி விட்டுர்றேன்" என்றாள் சண்முகத்தாய்.

அந்தப் பெண் கொண்டியை விரலால் தட்டிக்கொண்டே நின்றாள்.

எனக்கு அப்போதுதான் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு கண் முடிந்து அடுத்த கண் பாக்கி. படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என் வீட்டிலும் நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. எனக்குப் பேப்பர் வாசிக்க ஆள் தேவைதான். எந்த விதியும் மீறப்படவில்லை பாருங்கள். மறுநாள் காலை வரச் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. மருந்து ஊற்றிக்கொண்டிருந்த கண், எல்லாம் புகைக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் தெரியும். குரல்தான் நினைவிருக்கிறது. முதல்நாள் தலைப்புச் செய்தியை வாசித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஏலம் போடாதே. எனக்குக் கண்ணில்தான் கோளாறு, காதில் இல்லை" என்றேன்.

"கோயில் கொடைத் திருவிழால மைக்குல பேசுவேன் டீச்சர். அந்தப் பழக்கம்."

"என்ன பேசுவாய்?"

"காணாமப் போன புள்ளைங்க பேரச் சொல்லுவேன். நன்கொடை குடுத்தவுக பேரச் சொல்லுவேன். பால்ச்சாமி மாமா மைக்கக் கைல குடுத்துருவாக."

நன்றாகத்தான் வாசித்தாள். ஆனால் ஒரு செய்தி வாசித்தால் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிடும். பருத்தி விலை என்று வாசித்தால் எங்கள் வீட்டுக்காரர் பருத்திக்காட்டில் பாம்பை மிதித்த கதை. ரயில் தாமதம் என்று வாசித்தால் நாங்கள் கல்யாணமான புதிதில் குற்றாலம் போன கதை. அவள் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். மத்தியானம் சாப்பாடு போட்டு, விசிறிக்குக் கீழே படுக்கச் சொல்வேன். சாயந்திரம் காபி. எந்தக் கடையில் இப்படி வைத்துக்கொள்வார்கள்?

ஒருநாள் கேட்டாள். "டீச்சர், முதப் பக்கமே இன்னும் முடியல. வேற வேல ஏதாச்சும் குடுங்களேன். வாசல் கூட்டவா? தண்ணி எடுக்கவா?"

"உன்னை வாசல் கூட்ட வைக்கவா இந்த ஏற்பாடு? உட்கார். அதுதான் வேலை" என்றேன்.

உட்கார்ந்தாள். நல்ல பெண்.

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இதை முடித்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு வேலைப் பிள்ளைகள் எல்லோரும் என் வீட்டுக்கு வருவார்கள். டீ, வடை. டாக்டரம்மாவும் தனுஷ்கோடியும் வருவார்கள். அந்த வாரம் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மருந்துக் கடைப் பிள்ளை டாக்டர்கள் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்றது. டாக்டரம்மா, "என்னோடதையுமா? எனக்கே சொல்லிக்குடு" என்றார். ஜவுளிக் கடைக்குப் போனவன் சேலை மடிப்பதைத் துண்டை வைத்துச் செய்து காட்டினான். முனீஸ்வரி முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் கத்துக்கல" என்றாள். பிறகு, "டீச்சர் வீட்டு ஐயாவக் கத்துக்கிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள். இரண்டு தடவை, இரண்டாவது சின்னதாக. "வேணி," என்றாள். "உப்பு சரியா இருக்கு. மோருதான் கொஞ்சம் கம்மியா இருக்கு."

தனுஷ்கோடி வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டார். வீடே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார், பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் எங்கள் வீட்டுக்காரரோடு வருஷக்கணக்காகப் பேசிப் பழகியவர்.

முனீஸ்வரி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்ததே கிடையாது. ஒலிநாடாவும் இல்லை, படமும் இல்லை. நான் கதை சொல்லும்போது என்னையறியாமல் அவர் மாதிரி பேசிக் காட்டியிருப்பேன் போலிருக்கிறது. என் வாயிலிருந்து அரைகுறையாக வந்ததை அவள் முழுதாக எடுத்துவிட்டாள். 'வேணி' என்பதில் அந்த 'ணி'யைக் கொஞ்சம் இறக்கி, வேலை முடிந்து சைக்கிளிலிருந்து காலை ஊன்றுகிற மாதிரி சொல்வார். அது அப்படியே இருந்தது. கிருஷ்ணவேணி என்ற பெயரை யாரும் அப்படி இறக்கி வைத்துச் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது.

மறுநாள் காலை கேட்டில் இரண்டு சத்தம். பேப்பரை எடுத்தாள். "பேப்பர் வேண்டாம். நேற்றுச் செய்ததைச் செய்" என்றேன்.

"வெளையாட்டுக்குச் செஞ்சேன் டீச்சர். தப்பா எடுத்துக்கிடாதீக."

"தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்."

செய்தாள். இன்னொரு தடவை செய் என்றேன். செய்தாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வாசிப்பதைவிட அது சுலபமான வேலைதானே, ஒரு நாளைக்கு நாலு வரி. நானும் சொல்லிக் கொடுத்தேன். வெளியூர் முகாமுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்ன சொல்வார், குளியலறையிலிருந்து துண்டு கேட்கும்போது எப்படி இழுப்பார். வெளியே கிளம்பினால், "பத்திரம், வேணி" என்பார். போகிறவர் அவர், பத்திரம் எனக்கு. சிரிப்பாக இல்லை? 'பத்தி' வரை சாதாரணமாக வந்து, 'ரம்' என்பதை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவதுபோலச் சொல்வார். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். எதிரில் நின்று சொன்னால் பாவாடை சட்டை தெரிகிறது, எனக்குச் சரிப்படவில்லை. அவருடைய அறைக்குள் போய்ச் சொல்லச் சொன்னேன். அங்கிருந்து சொன்னால் சரியாக இருந்தது. நான் சமையலறையிலிருந்து பதில் சொல்வேன்.

தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு ஆவி, பேய் எதிலும் நம்பிக்கை கிடையாது. ரேடியோவில் நாடகம் கேட்பதில்லையா, அப்படித்தான்.

ஒருநாள் நான் கேட்ட கேள்விக்கு அறையிலிருந்து பதில் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா பேச்செல்லாம் முடிஞ்சு போச்சு டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்தது அம்புட்டுத்தான். இன்னைக்குக் கேட்டதுக்கு என்ன சொல்வாகன்னு எனக்குத் தெரியல."

"தெரியாவிட்டால் நீயாகச் சொல். அவர் என்ன சொல்வார் என்று என்னைவிட உனக்குத்தான் இப்போது நன்றாகத் தெரியும்" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

எழுந்து நின்றாள். "பால்ச்சாமி மாமா கேக்குறாக டீச்சர். பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புச் சொல்லப் பொம்பளக் குரல் வேணுமாம். மிச்ச லீவுக்கு நான் அங்க போகட்டா? நானும் உங்க லீவு வேலைப் புள்ளதான?"

"அங்கே மின்விசிறி இல்லை."

"எனக்கு வேண்டாம் டீச்சர்."

"நாற்காலி?"

"நின்னுக்கிட்டுப் பேசுனாத்தான் குரல் வரும்."

"விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், முனீஸ்வரி."

இரண்டு நாள் கழித்து பால்ச்சாமியே வந்தார். டேபிள் ஃபேன் வாங்கி ஆணியடித்து மாட்டிவிட்டாராம். கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலி ஒன்று கொண்டுவந்து போட்டுவிட்டாராம். "வந்து ஒரு எட்டு பாருங்க டீச்சர். புள்ளைக்கு மைக்குன்னா உசிரு" என்றார். கண் சரியானதும் வந்து பார்க்கிறேன் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. கண் சரியாகத்தானே வேண்டும். பார்க்காமல் எப்படி ஒரு பிள்ளையை அனுப்புவது?

அதற்குப் பிறகு ஒரு காலையில் கேட் ஒரே சத்தமாகத் திறந்தது. சண்முகத்தாய் தனியாக வந்திருந்தாள். நெற்றி நிறைய திருநீறு. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலிலிருந்து நேராக வருகிறாளாம்.

உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். "புள்ள தூக்கத்துல ஆம்பளக் குரல்ல பேசுது டீச்சர். வேணி, வேணிங்குது. எங்க தெருவுல ஒரு சனம் பாக்கியில்ல, எல்லாரும் சொல்லிட்டாக. டீச்சர் வீட்டு ஐயா அது மேல எறங்கிட்டாக. கோயில்ல தண்ணி தெளிச்சு, கயிறு கட்டிக் கூட்டியாந்திருக்கேன்."

படித்தவள் நான் சொல்லியிருக்க வேண்டும். சண்முகத்தாயி, அப்படியெல்லாம் இல்லை, பிள்ளை பகலில் பழகியது தூக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான், பயப்படாதே. இப்போது உங்களிடம் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"வேறு என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். என் கண்ணுக்கு அது தெரியவில்லை, ஆனால் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "ஒங்களக் கும்பிட்டுக்கிடறேன் டீச்சர்," என்றாள். "ஐயாவ நீங்களே வச்சுக்கிடுங்க. எம் புள்ளைய விட்டுருங்க."

அவ்வளவுதான். கொண்டியைத் திரும்பப் போடாமலேயே போய்விட்டாள். என்னிடம் வராத மனுஷர் ஊரான் பிள்ளை மேல் எதற்கு இறங்கப் போகிறார்? அதைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் ஆபீஸ் வண்டியில் ஏறிவிட்டாள். எந்த வண்டியில் ஏறக் கூடாது என்று நாங்கள் இவ்வளவும் செய்தோமோ, அதே வண்டி. டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கேட்டார். அங்கே வேலை செய்யும்போது யாரும் பேசக் கூடாதாம், அதுவே நல்லா இருக்கு என்றாளாம். எனக்கு வருத்தம் அதுதான். மத்தியானம் சாப்பாடு போட்டு, விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, கூட்டக்கூட விடாமல் வைத்துக்கொண்டேன். நெருப்போடு இருக்கிறது நல்லா இருக்கு என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் தெரியவில்லை, பார்த்தீர்களா?

டாக்டரம்மாவும் அந்த வருஷத்தோடு என்னிடம் அதிகம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பிறகு மதுரைக்கே போய்விட்டார். தனுஷ்கோடி மில்லை விற்றுவிட்டார். லீவு வேலை என்று இப்போது சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. காலையில் ஹாரன் சத்தம் கேட்கிறது, அது மட்டும் மாறவில்லை.

இருங்கள். மறுபடியும் வருகிறது. இந்தத் தடவை நீங்களும் கேளுங்கள்.

'பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.'

கேட்டீர்களா? வண்டிப் பெயர்களைச் சொல்வது வேறு ஆள். இது மட்டும் பழைய பதிவு. முனீஸ்வரி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்ச்சாமி கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசவைத்தாராம். தன் கைக்காசைக் கொடுத்தாராம். அவர் இப்போது இல்லை. மகன் நடத்துகிறான். இது யார் குரல் என்று கேட்டேன், தெரியாது என்றான். புது பஸ் ஸ்டாண்டு கட்டினால் இதையும் மாற்றிவிடுவார்களாம். இடையில் 'பத்திரம்' என்ற சொல்லை மட்டும் அவள் இறக்கி வைக்கிறாள் பாருங்கள், அது ஒலிபெருக்கிக்குத் தேவையே இல்லை. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெள்ளரிக்காய் இன்னும் வாங்கவில்லை. வாங்கலாம், என்ன அவசரம்.

அதோ கோவில்பட்டி வண்டி. முன்வாசலில் ஏறுங்கள், பின்பக்கம் கூட்டம். நீங்களும் ஏதோ சொல்ல வேண்டும் என்றிருந்தீர்கள், நேரம் போய்விட்டது. இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தால் இதே பெஞ்சில்தான் இருப்பேன்.

யார், முனீஸ்வரியா? பிளஸ் டூ முடிக்கவில்லை. கல்யாணமாகிவிட்டது. திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.